பட்டினித் தொட்டி

வெங்கடம்மாள்: ...அப்படீன்னா நீங்களே சொல்லிப்போடுங்க. உங்களைத்தான் மாமா மாமான்னு தலைல தூக்கி வெச்சுக்குவா.

திருமலைசாமி: நானெதுக்குச் சொல்லோணும்? ஊத்துனது நீயி.

வெங்கடம்மாள்: மெதுவாப் பேசுங்க. மொட்டை மாடில நின்னுட்டு துடியலூருக்கே கேக்கற மாதிரி...

திருமலைசாமி: ஊருக்கெல்லாம் கேக்காது. இந்தத் தொட்டிகளுக்கு வேணாக் கேக்கும்.

வெங்கடம்மாள்: கிண்டலு. பொழுதோட என்ற மருமக கொச்சில இருந்து வந்து எறங்குவா. பையை வாசல்ல போட்டுட்டு நேரா மாடிக்குத்தான் ஏறுவா. என்னங்க அத்தை இப்படிப் பண்ணிப்போட்டீங்கன்னு கேட்டா, நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு...

திருமலைசாமி: இருக்கற மூஞ்சிய வெச்சுட்டுத்தான்.

வெங்கடம்மாள்: உங்ககிட்ட வந்து சொன்னேன் பாருங்க.

திருமலைசாமி: சரி சரி, கோவிச்சுக்காத அம்மணி. அவ போறப்ப என்ன சொல்லிட்டுப் போனா? அதை மொதல்லச் சொல்லு.

வெங்கடம்மாள்: நீங்களுந்தான கூட நின்னுட்டிருந்தீங்க.

திருமலைசாமி: பட்டறைல அன்னைக்கு ஒரு மோட்டாரைப் பிரிச்சுப் போட்டிருந்தேன். அந்த ரோசனைல பாதிதான் காதுல உளுந்துச்சு.

வெங்கடம்மாள்: இது அத்தனையும் கொளத்துச் சேறு. காலேஜ் மாடில சோலார் பலகை போட்டு வெயிலை மறைச்சுப்போட்டாங்கன்னு இங்க கொண்டாந்து வெச்சா. சேத்து மேல தோசையாட்டம் ஒரு படலம் படிஞ்சிருக்குதுல்லங்க, பச்சையும் பழுப்புமா... அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசியும் பாக்டீரியாவும் ஒண்ணாக் குடியிருக்குதாமா.

திருமலைசாமி: வாடகைக்கா, சொந்த ஊடா?

வெங்கடம்மாள்: கேளுங்க. நீல டேப்பு ஒட்டுன தொட்டிக்கு யூரியாத் தண்ணி, தெனமும் பத்துச் சொட்டு. செவப்பு டேப்புக்கு என்னமோ அமினோ அமிலமாமா. புரதத்தைப் பிரிச்சுப் போட்டா வர்ற சரக்காமா. அதுவும் பத்துச் சொட்டு. டேப்பே இல்லாத இந்த மூணு தொட்டிக்கு...

திருமலைசாமி: டேப்பே இல்லாத தொட்டிக்கு?

வெங்கடம்மாள்: ...ஒண்ணும் கெடையாது.

திருமலைசாமி: ஒண்ணும் கெடையாது. இதைவிடச் சுளுவா யாராவது ஒரு வேலை சொல்ல முடியுமா? சும்மா இருக்கற வேலை. அதுல போய்க் கோட்டை உட்டிருக்கறே.

வெங்கடம்மாள்: சொல்றது சுளுவுங்க. நெதமும் நீலத்துக்குச் சொட்டு உட்டு, செவப்புக்குச் சொட்டு உட்டு, அந்த மூணையும் பாத்தும் பாக்காத மாதிரி தாண்டிப் போகோணும். அதுக ஆன்னு பாத்துட்டு கெடக்குதுங்க.

திருமலைசாமி: சேறு உன்னையப் பாத்துச்சு.

வெங்கடம்மாள்: பந்தில வஞ்சனை பண்ணலாமுங்களா? இந்த எலைக்குப் பலகாரம், அந்த எலைக்குப் பலகாரம், நடுவுல ஒரு எலை வெறும் எலை. எந்த ஊரு ஞாயம் இது?

திருமலைசாமி: அதுக எலை போட்டா உக்காந்திருக்குது?

வெங்கடம்மாள்: ஒரே வரிசைல தான வெச்சுட்டுப் போனா. வரிசைல வெச்சா அது பந்திதானுங்க. உங்க தங்கச்சி கலியாணத்துல ஒரு எலைக்கு ரசம் தப்பிப்போச்சுன்னு உங்கப்பாரு என்ன பண்ணுனாரு? அடுத்த பந்தியவே நிறுத்திப்போட்டாரு. ஒறம்பரையா வந்தவரு கையைப் புடிச்சு மறுபடியும் உக்கார வெச்சு, தன் கையால பரிமாறுனாரு. அந்த ஊட்டுக்கு வந்தவதான நானு.

திருமலைசாமி: எங்கப்பாரு மேல பழியப் போட்டாச்சு. சரி. என்ன ஊத்துனே?

வெங்கடம்மாள்: மொத நாளு ஒண்ணும் ஊத்தல. சாமி சத்தியமா. மனசைக் கல்லாக்கிட்டுக் கீழ எறங்கி வந்துட்டேன். அன்னைக்கு எனக்கே சோறு எறங்கல.

திருமலைசாமி: ரெண்டாம் நாளு?

வெங்கடம்மாள்: அரிசி களைஞ்ச தண்ணி. சித்தோண்டு.

திருமலைசாமி: அப்பறம்?

வெங்கடம்மாள்: அதுல என்ன சத்து இருக்குது... அப்பறம் பருப்புத் தண்ணி.

திருமலைசாமி: பெருங்காயம் போட்டியா?

வெங்கடம்மாள்: உப்புக் கூடப் போடலீங்க. பச்சக் கொழந்தைக்குக் குடுக்கற மாதிரி, குழைய வேக வெச்சு, மசிச்சு, வெள்ளைத் துணில வடிகட்டி...

திருமலைசாமி: நம்ம பையன் சசிதருக்குக் கூட நீ வடிகட்டிக் குடுத்து நான் பாத்ததில்ல.

வெங்கடம்மாள்: அவனுக்கு அப்பவே பல்லு இருந்துச்சு.

திருமலைசாமி: ஏம்மா... இதுல பாசி எது, பாக்டீரியா எதுன்னு ஒனக்குத் தெரியுமா? ஆருக்குச் சோறு போட்டோம்னாவது தெரியுமா?

வெங்கடம்மாள்: அதைக் கண்டுபுடிக்கறதுதானுங்க அவ படிப்பே. யூரியாவப் போட்டா பாசி நேராத் திங்குதா, இல்ல பாக்டீரியா மொதல்லத் தின்னு செரிச்சு உட்ட மிச்சத்தை பாசி திங்குதான்னு பாக்கோணுமாமா. நம்ம கணக்குல சொன்னா, மாமியாக்காரி தின்னு முடிச்சு மிச்சத்தை மருமகளுக்குப் போடறாளா, இல்ல மருமக நேராச் சட்டில கை வெக்கறாளான்னு பாக்கறது.

திருமலைசாமி: நம்மூட்டுல ஆராய்ச்சியே வேண்டாம். மருமக திங்கற வரைக்கும் மாமியா திங்கறதில்ல.

வெங்கடம்மாள்: சிரிக்காதீங்க. ஐதராபாத்துல இதை அளந்து பாக்கற மிசினு ஒரு வருசமாக் காத்திருந்து இப்பத்தான் கெடச்சிருக்குது. வர்ற வாரம் இந்த மண்ணை எடுத்துட்டுப் போய்க் குடுக்கோணும். தப்பிப்போனா மறுபடி ஒரு வருசமாமா. பட்டினித் தொட்டிதான் அத்தை அளவுகோலு, அது கெட்டா நீலமும் செவப்பும் இருந்தும் பிரயோசனம் இல்லீங்கன்னு கையப் புடிச்சுச் சொல்லிட்டுப் போனா.

திருமலைசாமி: தெரிஞ்சேதான் ஊத்தியிருக்கறே.

வெங்கடம்மாள்: தெரிஞ்சேதான். தெரியாமப் பண்ணியிருந்தா நான் ஏனுங்க இப்படித் தவிக்கறேன்?

திருமலைசாமி: சரி, இப்ப அவகிட்ட என்ன சொல்லப் போறே?

வெங்கடம்மாள்: மழை பேஞ்சு தொட்டில உளுந்துருச்சுன்னு சொல்லிப்போடலாமுங்களா?

திருமலைசாமி: மாசி மாசத்துல துடியலூர்ல மழை. சரி, சொல்லு. அவ போனை எடுத்து ஒரு தட்டுத் தட்டுனா மேகம் எங்க போச்சு எங்க வந்துச்சுன்னு பூராவும் தெரிஞ்சுரும்.

வெங்கடம்மாள்: காக்கா என்னத்தையோ கொண்டாந்து போட்டுருச்சுன்னு?

திருமலைசாமி: காக்கா வடிகட்டிப் போட்டுதாமா?

வெங்கடம்மாள்: அப்ப... இந்த நீல டேப்பைப் பிரிச்சு இதுல ஒட்டிப்போட்டா?

திருமலைசாமி: அம்மணி. அதை மட்டும் பண்ணிப்போடாத. நீ ஊத்துனது எரக்கம். டேப்பை மாத்துனா அது களவு. அந்தப் புள்ள படிச்ச படிப்பே பொய்யாப் போயிரும்.

வெங்கடம்மாள்: ...ஆமாங்க. அது தப்புத்தான். புத்தி கெட்டுப்போய்ப் பேசறேன்.

திருமலைசாமி: நடந்ததை நடந்த மாதிரியே சொல்லிப்போடு. திட்டுனா வாங்கிக்கலாம்.

வெங்கடம்மாள்: அவ திட்ட மாட்டாளுங்க. அதுதான பயமே. பரவால்லீங்க அத்தைன்னு சொல்லிட்டு ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவா. திட்டுனாத் தேவலை... என்னங்க, வாயைத் தொடைக்கற மாதிரி தொடைச்சுட்டுச் சிரிக்கறீங்க?

திருமலைசாமி: சிரிக்கலியே. வெயிலு.

வெங்கடம்மாள்: பொழுது எறங்கிப்போச்சு, வெயிலாமா வெயிலு.

திருமலைசாமி: அந்தா, வாசல்ல கார் நிக்கற சத்தம்.

வெங்கடம்மாள்: அய்யோ. நான் கீழ போய்க் காப்பி போடறேன், நீங்க...

திருமலைசாமி: நில்லு. படில செருப்புச் சத்தம் வந்தாச்சு.

ஹாரிகா: அத்தை... மாமா... ரெண்டு பேரும் மேலதான் இருக்கீங்களா? நான் கீழ ஊடு பூராத் தேடிட்டு வாரேன்.

வெங்கடம்மாள்: வா கண்ணு. வா. டிரெயின்ல ஏதாச்சும் சாப்பிட்டியா? மூஞ்சி வாடிக் கெடக்குதே...

ஹாரிகா: சாப்பிட்டேனுங்க. தொட்டி எல்லாம் எப்படி இருக்குதுங்க?

திருமலைசாமி: தொட்டிக எல்லாம் சவுக்கியம். தொட்டி பாத்துக்கிட்டவங்கதான் கொஞ்சம்...

வெங்கடம்மாள்: கண்ணு, நான் ஒண்ணு சொல்லோணும். நீ மொதல்ல உக்காரு.

ஹாரிகா: சொல்லுங்க அத்தை.

வெங்கடம்மாள்: டேப்பு இல்லாத தொட்டிக்கு... நான் பருப்புத் தண்ணி ஊத்திப்போட்டேன். தெனமும். மனசு கேக்கல கண்ணு. நீ எவ்வளவோ சொல்லிட்டுப் போனே. நீலத்துக்கும் செவப்புக்கும் ஒரு சொட்டுத் தவறல, அது சத்தியம். ஆனா இந்த மூணும் வாயில்லாம கெடந்துச்சா... ஒன்ற ஒரு வருசத்தை நான் ஊத்திக் கெடுத்துப்போட்டேன்.

ஹாரிகா: ...

வெங்கடம்மாள்: பாத்தீங்களா. பேச மாட்டேங்கறா.

ஹாரிகா: இல்லீங்க அத்தை... துவரம்பருப்பா, பாசிப்பருப்பா?

வெங்கடம்மாள்: பாசிப்பருப்பு. சீக்கிரம் செரிக்குமுன்னு.

ஹாரிகா: பாசிக்குப் பாசிப்பருப்பு.

திருமலைசாமி: சிரிக்கறா பாரு.

வெங்கடம்மாள்: ஏன் கண்ணு, பருப்புல அப்படி என்ன கெடுதல் இருக்குது? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன்.

ஹாரிகா: கெடுதலே இல்லீங்க. நல்ல சாப்பாடு, அதுதான் தொந்தரவு. நான் குடுத்த சொட்டுல இருக்கறது சாதாரணத்தை விடக் கனம் எச்சா இருக்கற நைட்ரசனுங்க. ஆட்டுக்கு மையி வெச்சு உடறாங்கல்ல, எந்தப் பட்டிக்குப் போனாலும் நம்ம ஆடுன்னு தெரியறதுக்கு, அந்த மாதிரி. பருப்புல இருக்கறது மையி வெக்காத நைட்ரசன். ஒண்ணுமே திங்காத படலம் எப்படி இருக்கும்னு பாக்கத்தான் அந்த மூணு தொட்டி. அதுவும் வயிறு நெறையத் தின்னுருச்சுன்னா எதோட எதை ஒப்பிடறது?

திருமலைசாமி: அது சரி கண்ணு, பாசியும் பாக்டீரியாவும் பின்னிப் பெணஞ்சு கெடக்குதே. ஆரு வயித்துல மையி ஏறிச்சுன்னு எப்படிப் பிரிச்சுப் பாப்பே?

ஹாரிகா: பாக்டீரியா உடம்புல மட்டும் எச்சா இருக்கற சரக்கு ஒண்ணு இருக்குதுங்க மாமா. அதுல எவ்வளவு மையி ஏறியிருக்குதோ அதை வெச்சு பாக்டீரியா பங்கு எவ்வளவுன்னு கணக்குப் போட்டரலாம். மிச்சம் பாசி தின்னது. பாசிக்கு யூரியா, அமினோ அமிலம் எல்லாம் நேராத் திங்கற பழக்கம் உண்டுன்னு வேற வேற ஊர்ல கடலோரச் சேத்துல பாத்திருக்காங்க. நம்மூருக் கொளத்துல ஆரு கை முந்துதுன்னு இன்னும் ஆரும் சரியாப் பாக்கலீங்க.

வெங்கடம்மாள்: அதைப் பாக்க உடாமப் பண்ணுனது நானு.

ஹாரிகா: அத்தை, அழுகாதீங்க. நானும் ஒண்ணு சொல்லோணும். எனக்கு இது முன்னாடியே தெரியுமுங்க.

வெங்கடம்மாள்: என்ன தெரியும்?

ஹாரிகா: போன வருசம் சோதனைக்கு முன்னாடி ஒரு ஒத்திகை மாதிரி வெச்சேன்ல? அப்பவும் பட்டினித் தொட்டிதான் எல்லாத்தையும் விடக் கொழுகொழுன்னு பச்சையா இருந்துச்சு.

வெங்கடம்மாள்: ...அது மோருத் தண்ணி.

திருமலைசாமி: போன வருசமுமா?

ஹாரிகா: அப்பவே புரிஞ்சுருச்சுங்க. இந்த ஊட்டுக்கு யாரு வந்தாலும் சோறு திங்காமப் போக உட மாட்டீங்க. கரண்ட்டு ரீடிங் எடுக்க வர்றவரு கூட இட்லி தின்னுட்டுத்தான் போறாரு. அதனால இந்தத் தடவை பட்டினித் தொட்டில இன்னொரு செட்டு ஹிபா ஊட்டு மாடில வெச்சுட்டுத்தான் கொச்சிக்குப் போனேன்.

திருமலைசாமி: கோட்டைமேட்டுலயா? ஒன்ற கூடப் படிக்கற புள்ள ஊட்டுல?

ஹாரிகா: ஆமாங்க. ஹிபாவும் எங்கூட கொச்சிக்கு வந்துட்டா. அவங்கம்மா ஃபர்சானா பெரியம்மாதான் பாத்துக்கறாங்க. அவங்ககிட்ட ஒரு வேலையும் சொல்லலீங்க. தொடாதீங்க, அவ்வளவுதான்.

வெங்கடம்மாள்: அப்ப எதுக்குக் கண்ணு இங்கயும் மூணு வெச்சுட்டுப் போனே?

ஹாரிகா: எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிருந்தா, உங்களை நம்பலைன்னு உங்களுக்கு வருத்தமா இருக்குமுங்க. நீங்க வருத்தப்படறதுக்குப் பதிலா, மூணு தொட்டி பருப்புத் தண்ணி குடிச்சா என்ன, குடிச்சுட்டுப் போகுது.

வெங்கடம்மாள்: அப்ப கோட்டைமேட்டு மாடில இருக்கறது ஒன்ற தொட்டியா கண்ணு?

ஹாரிகா: என்னங்க அத்தை? நான் இதைச் சொன்னா சந்தோசப்படுவீங்கன்னு பாத்தேன்.

வெங்கடம்மாள்: கண்ணு... ஃபர்சானா எனக்குப் போன் பண்ணுனா.

ஹாரிகா: எப்பங்க?

வெங்கடம்மாள்: நோன்பு ஆரம்பிச்ச அன்னைக்கு. நான் அது ஹிபா படிப்புக்கு வெச்ச தொட்டின்னு நெனச்சுப்போட்டேன்.

ஹாரிகா: என்ன சொன்னாங்க?

வெங்கடம்மாள்: ஏங்க அக்கா, உங்க ஊட்டு மாடிலயும் இந்தச் சேத்துத் தொட்டி இருக்குதாமே, அதுக்கு என்ன போடறீங்கன்னு கேட்டா. பருப்புத் தண்ணின்னு சொன்னேன்.

ஹாரிகா: அத்தை...

வெங்கடம்மாள்: பொழுது சாஞ்சா ஊட்டுல அத்தனை பேரும் நோன்பு தொறக்கறோமுங்க அக்கா, தெருவுல போறவங்களுக்குக் கூடக் கஞ்சி குடுக்கறோம், மாடில மட்டும் மூணு சீவன் பகலும் பட்டினி ராவும் பட்டினின்னா எனக்குக் கஞ்சி தொண்டைல எறங்கலீங்கன்னா. ஞாயந்தானன்னு பட்டுச்சு.

திருமலைசாமி: நோன்புக் கஞ்சியா? கறி போட்டதா?

வெங்கடம்மாள்: கெட்டியா ஊத்தாதீங்க, மேலாப்புல தெளிவை மட்டும் எடுத்து ஊத்துங்கன்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன்.

ஹாரிகா: ...நான் இந்தச் செவுத்துல சித்த நேரம் சாஞ்சுக்கறேனுங்க.

வெங்கடம்மாள்: கண்ணு...

ஹாரிகா: இல்லீங்க. கோபமில்ல. யாரு மேல கோவிக்கறது? பருப்பும் கஞ்சியும் ஊத்துனவங்க மேலயா? ஆனா... ஒரு வருசமுங்க அத்தை. அந்த மிசினுக்கு நான் எத்தனை பேருகிட்டக் கெஞ்சியிருப்பேன்.

வெங்கடம்மாள்: நான் வேணா ஐதராபாத்துக்கே வந்து அவங்க கால்ல உழுந்து சொல்லட்டுமா? தப்பு என்ற மேல, புள்ளைக்கு இன்னொரு வாய்ப்புக் குடுங்கன்னு...

திருமலைசாமி: போதும் போதும். ரெண்டு பேரும் கண்ணைத் தொடைச்சுக்குங்க. அம்மணி, நீ பருப்புத் தண்ணி ஊத்துனது எந்தச் சேத்துக்குன்னு நெனைக்கறே?

வெங்கடம்மாள்: எந்தச் சேத்துக்கா? இந்தா, இந்த மூணு.

திருமலைசாமி: அது கிணத்துக்கடவுல நம்ம தோப்பு வாய்க்காச் சேறு.

ஹாரிகா: மாமா?

திருமலைசாமி: போன வருசம் மோருத் தண்ணி எடுத்துட்டு இவ மாடிக்கு ஏறுனதை நான் பாத்தேன் கண்ணு. கேட்டா இல்லேம்பா. அதான் நீ ரயிலேறுன அன்னைக்கே, இவ கோயலுக்குப் போன நேரத்துல, ஒன்ற மூணு தொட்டியவும் பட்டறை மாடிக்குக் கொண்டு போய்ட்டேன். இதே மாதிரி தொட்டி பட்டறைல கெடந்துச்சு. முந்துன நாளே தோப்புல இருந்து சேறு அள்ளியாந்து அதுல ரொப்பி வெச்சிருந்தேன், அதை இங்க வெச்சுட்டேன்.

வெங்கடம்மாள்: அட பாவி மனுசா. அப்ப இத்தனை நாளு நான் ஒங்க தோப்புச் சேத்துக்கா பருப்பு வடிகட்டுனேன்?

திருமலைசாமி: நல்லாத்தான் தின்னுச்சு.

வெங்கடம்மாள்: பொழுது எறங்கற வரைக்கும் என்னை இப்படித் தவிக்க உட்டுட்டுப் பக்கத்துலயே நின்னு வேடிக்கை பாத்தீங்களா? மழையாமா காக்காயாமா...

திருமலைசாமி: மழையும் காக்காயும் நீதான சொன்னே. முன்னாடியே சொல்லியிருந்தா, நீ சொம்பைத் தூக்கிட்டுப் பட்டறை மாடிக்கும் ஏறியிருப்பே.

வெங்கடம்மாள்: ...ஏறியிருப்பேன்.

ஹாரிகா: இருங்க இருங்க. மாமா, தூக்கிட்டுப் போறப்ப தொட்டி அலுங்குச்சுங்களா? படலம் கிழிஞ்சுதா?

திருமலைசாமி: ஒண்ணொண்ணா மடில வெச்சு, ஆட்டோவை உருட்டிட்டே போகச் சொன்னேன். கலியாணச் சீருத் தட்டைக் கூட நான் அப்படித் தூக்குனதில்ல.

ஹாரிகா: அங்க வெயிலு இங்க மாதிரியே உளுகுமுங்களா? தண்ணி வத்துனதுக்கு?

திருமலைசாமி: அதே வெயிலு. தண்ணி, நீ வெச்சுட்டுப் போன கேன்ல இருந்து கோடு வரைக்கும். அதுக்கு மேல இல்ல.

ஹாரிகா: அப்ப... அப்ப அளவுகோலு இருக்குது. அத்தை, இருக்குதுங்க.

வெங்கடம்மாள்: இருக்குதா? அய்யா சாமி. வா, இப்பவே பட்டறைக்குப் போய்ப் பாத்துட்டு வந்தரலாம். நான் சும்மா பாக்கத்தான் வாரேன். கைல ஒண்ணும் எடுத்துட்டு வரல, வேணாப் பாத்துக்க.

ஹாரிகா: வாங்க. ஆனா மாமா, அதுக்கு முன்னாடி சத்தியமா ஒண்ணு சொல்லுங்க. அந்த மூணுக்கும் நீங்களா வேற எதுவும் ஊத்தலியே? ஒரு பருக்கை? ஒரு டீ?

திருமலைசாமி: சத்தியமா இல்ல கண்ணு. கேன் தண்ணியத் தவர ஒரு சொட்டு இல்ல.

வெங்கடம்மாள்: எப்படீங்க மனசு வந்துச்சு? நெதமும் ஏறிப் போய்ப் பாத்துட்டு, ஒண்ணுமே பண்ணாமத் திரும்பி வர்றதுக்கு?

திருமலைசாமி: ஒண்ணுமே பண்ணலைன்னு சொல்ல முடியாது.

ஹாரிகா: மாமா?

திருமலைசாமி: பட்டினியாக் கெடக்குதுக, பொழுதாவது போகட்டும்னு... பட்டறை ரேடியோவை மட்டும் பக்கத்துல பாட வெச்சுட்டு வருவேன்.